பாய் முதல் மெத்தை வரை: நம்ம ஊர்ப் படுக்கை வந்த வழி



போன வருஷம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு கடன் மனு வந்தது. மகள் கல்யாணச் சீருக்குக் கட்டில், மெத்தை வாங்க ரூ.30,000 வேண்டும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கட்டில் ரூ.12,000, மெத்தை ரூ.18,000. கேட்டவர் வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் இலவங்காய் உடைக்கப் போகிறவர். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா சும்மா இருக்கவில்லை. "ஏ தாயி, ஊருக்கெல்லாம் பஞ்சு எடுத்துக் குடுக்கிறவ நீ. ஒம் மகளுக்கு ஸ்பாஞ்சு மெத்தைக்குக் கடனா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "இலவம்பஞ்சு மெத்தை குடுத்தா மாப்பிள்ளை வீட்டுல மதிப்பாங்களாக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. நம் மலையடிவாரத்தில் காய்க்கிற பஞ்சுக்கு நம் வீட்டிலேயே எப்படி மதிப்பில்லாமல் போனது? விழா மலருக்கு எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் படுக்கையில்தான் போகிறது. அந்தப் படுக்கையின் கதையைத் தெரிந்துகொள்வது வீண் வேலை இல்லை.

பாய் இருந்த காலம்

நம்ம பாட்டிமார் காலத்தில் வீட்டில் கட்டில் என்பது ஒன்றோ, அதுவும் இல்லையோதான். இருந்தாலும் அது வீட்டுப் பெரியவருக்கோ, பிள்ளை பெற்றவளுக்கோதான். மற்ற எல்லாருக்கும் பாய். நம் பக்கத்துக் கரிசல் காட்டிலும் ஓடைக் கரையிலும் பனை நின்றது. அதனால் ஓலைப்பாய் முடைவது பெண்களுக்குத் தெரிந்த கைவேலையாக இருந்தது. குருத்தோலையைக் காயவைத்து, வாரி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி முடைவார்கள். நெல் காயப்போட, பிள்ளையைப் படுக்கவைக்க, விருந்தாளியை உட்காரவைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு.

அடுத்தது கோரைப்பாய். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் நெய்த பாய்க்கு அன்றும் இன்றும் தனிப் பெயர். கோரையை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்வார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பொண்ணு பெயரையே பாயில் நெய்து கொடுப்பதும் உண்டு. அந்தப் பாய்க்கு அரசின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாம் கடையில் சாதாரணமாக வாங்குகிற கோரைப்பாயில் நிறைய கரூர், முசிறிப் பக்கத்துக் காவிரிக் கரையில் விளைகிற கோரையில் செய்தது.

கட்டில் என்றால் பனைநாரிலோ தென்னங்கயிற்றிலோ பின்னிய கட்டில். பின்னலுக்கு நடுவே காற்று வரும். மூட்டைப்பூச்சி பிடித்தால் வெயிலில் தூக்கிப் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். பாய்க்கு மேலே விரிப்பு என்றால் பழைய நூல் சேலைகள்தான். நாலைந்து சேலையை அடுக்கி ஓரம் தைத்தால் அதுவே பிள்ளைக்கு மெத்தை. சேலையைக் கட்டினால் தொட்டில்.

இந்தப் படுக்கை எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு. எதுவும் குப்பையாக நிலைத்து நிற்கவில்லை. ஓலைப்பாய் கிழிந்தால் அடுப்புக்குப் போகும், சேலை கிழிந்தால் கரித்துணி ஆகும். காலையில் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் அந்த இடமே சமையலுக்கும் பிள்ளை படிப்பதற்கும் ஆகும். ஒரு அறை வீட்டில் இது சாதாரண வசதி இல்லை.

ஆண்டாள் சொன்ன மெத்தை

அப்படியானால் மெத்தை நேற்று வந்ததா? இல்லை. நமக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையின் 19-ஆம் பாசுரத்தில் யானைத் தந்தக் கால் வைத்த கட்டிலையும் அதன் மேல் மெத்தையையும் பாடியிருக்கிறார். பஞ்ச சயனம் என்று அதற்குப் பெயர். ஐந்து வகைப் பொருளை அடைத்துச் செய்த படுக்கை என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்ற ஐந்து குணமும் உள்ள படுக்கை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மார்கழி மாதம் கோவிலில் அந்தப் பாசுரத்தைக் கேட்கிற நாம் இதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நல்ல மெத்தை எப்படி இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் கணக்கு இருந்திருக்கிறது. ஆனால் அது பெரிய இடத்துப் படுக்கை. நெற்பயிர் நட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்த மெத்தை இல்லை.

பருத்தியும் இலவும்

மெத்தைக்குள் போவது இரண்டு பஞ்சு. ஒன்று பருத்தி. விருதுநகர், கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த நாட்டுப் பருத்திக்குக் கருங்கண்ணி என்று பெயர். அதன் இழை குட்டை. சன்ன நூல் நூற்க ஆகாது, ஆனால் மெத்தை அடைக்க நன்றாக ஆகும். வில்லை வைத்துக்கொண்டு பஞ்சு கொட்டுகிறவர்கள் தெருவில் வருவார்கள். அந்த நாண் அதிர்கிற சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடுவோம். கட்டிப்போன பழைய பஞ்சை அடித்துப் பூவாக்கித் திரும்பத் தைத்துக் கொடுப்பார்கள். பருத்தி மெத்தை வேர்வையை உறிஞ்சும். அதனாலேயே அடிக்கடி வெயில் காட்ட வேண்டும்.

இன்னொன்று இலவம்பஞ்சு. பிளவக்கல், கான்சாபுரம், தாணிப்பாறை என்று மலையை ஒட்டிப் போனால் இலவ மரத்தைப் பார்க்கலாம். தேனிப் பக்கம் போடி, கடமலைக்குண்டு, வருசநாடு வரைக்கும் இதே கதைதான். நட்டு நாலைந்து வருஷத்தில் காய்க்க ஆரம்பிக்கும். ராத்திரியில் பூக்கும். பழந்தின்னி வௌவால்தான் மகரந்தம் சேர்க்கும். பருத்திக்கு அடிக்கிற மாதிரி மருந்து இதற்கு அடிக்க வேண்டியது இல்லை. மழைத் தண்ணீரே போதும்.

காய் முற்றிக் காய்ந்ததும் ஆண்கள் மரத்தில் ஏறி உலுக்கித் தொரட்டியால் பறிப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாம் பெண்கள் கைதான். நெத்தைக் காயவைத்து, தட்டி உடைத்து, ஓடு தனி, கோது தனி, பஞ்சு தனி, விதை தனி என்று பிரிக்க வேண்டும். விதையில் எண்ணெய் எடுக்கலாம். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். ஓடு அடுப்புக்கு. ஒன்றும் வீணில்லை.

இந்தப் பஞ்சின் சூட்சுமம் அதன் இழையில் இருக்கிறது. ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் குழாய், பெரும்பகுதி காற்று. வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். தன் எடையைப் போல முப்பது மடங்கு எடையைத் தண்ணீரில் தாங்கும் என்று சொல்கிறார்கள். ஆனால் இழை வழுக்குவதால் நூலாக முறுக்குவது கஷ்டம். அடைப்பதற்குத்தான் இது பிறந்தது.

உலகமே ஒரு காலத்தில் இதற்குக் காத்துக் கிடந்தது. கப்பல்காரர்கள் போட்ட உயிர்காப்பு அங்கிக்குள் இருந்தது இலவம்பஞ்சுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இதில் பெரும்பங்கு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலிருந்து போனது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் பஞ்சு நின்றுபோனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பி, நம் எருக்கம்பஞ்சு மாதிரியான ஒரு செடியின் காயைப் பொறுக்கவைத்து, அதைக் கொண்டு அங்கி தைத்தார்கள். நாம் 'வெறும் இலவம்பஞ்சுதானே' என்று சொல்கிற பொருளுக்கு ஒரு நாடே மாற்றுத் தேடி அலைந்தது.

ஸ்பாஞ்சு வந்த கதை

1929-இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியில் ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்து மெத்தென்று ஒன்றைச் செய்தார்கள். அதுதான் லேடெக்ஸ். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற விஞ்ஞானி பாலியுரித்தேன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். 1950-களில் அதிலிருந்து மெத்தை நுரை வந்தது. நாம் ஸ்பாஞ்சு, ஃபோம் என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். பெட்ரோலியத்திலிருந்து வருவது. நம் நாட்டில் 1960-களிலிருந்து தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்த மெத்தை பரவியது. பொள்ளாச்சிப் பக்கத்தில் நார்த் தொழில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊருக்குள் ஸ்பாஞ்சு வந்தது சீர் வழியாக. கட்டில், மெத்தை, பீரோ மூன்றும் ஒரே பட்டியலில் சேர்ந்தன. கடையில் பளபளவென்று உறை போட்டு நிற்கிற மெத்தைக்கு ஒரு மதிப்பு வந்தது. வீட்டில் தைத்த மெத்தை பழைய காலத்துச் சாமான் ஆகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர்களின் கடனில் அந்த மதிப்பும் ஒரு வரியாகச் சேர்ந்தது. கூட்டத்தில் எங்கள் உறுப்பினர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பழைய பஞ்சு மேலும் நம்பிக்கை குறைந்ததற்கு இன்னொரு காரணம் கலப்படம். எங்கள் வீட்டில் ஒரு முறை இலவம்பஞ்சு என்று சொல்லி விற்ற தலகாணியை வாங்கினோம். மூன்றே மாதத்தில் கல் மாதிரி ஆனது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மில் கழிவு. கலர் கலராக நூல் துண்டு. குறை இலவத்தின் மேல் இல்லை, அடைத்த கையின் மேல்தான்.

மூக்கில் துணி கட்டியவர்கள்

இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும் என்று காத்திருந்து, வெடித்ததும் பஞ்சு பறந்து ஏமாந்த கிளி. எனக்கு அந்தக் கிளியை விட, காய் உடைக்கிற பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். நாள் முழுக்கப் பஞ்சுக்குள் உட்கார்ந்திருந்து ராத்திரி கோரைப்பாயில் படுக்கிறவர்கள். காற்றில் பறக்கும் என்பதால் வலை கட்டி, காத்தாடி போடாமல், சித்திரை வெக்கையில் வேலை. முந்தானையை மூக்கில் கட்டியிருப்பார்கள். ஆனாலும் தும்மலும் இருமலும் நிற்காது. இலங்கையில் 1970-களில் இலவம்பஞ்சுத் தொழிலாளர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, தூசியில் வேலை செய்கிறவர்களிடம் நாள்பட்ட மார்ச்சளி நோயைப் பார்த்தார்கள். ஆகவே இயற்கைப் பொருள் என்றாலே கெடுதல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. படுக்கிறவருக்கு நல்லது, எடுக்கிறவருக்கும் நல்லதாக இருக்க வேண்டும். சேலைத் துணி இந்தத் தூசிக்குப் போதாது. தூசி தடுக்கிற நல்ல முகக்கவசமும், காற்று வந்து போகிற கொட்டகையும், கூலி பேசும்போதே கேட்க வேண்டியவை.

இதைத் தனி ஆளாகக் கேட்க முடியாது. அதற்குத்தான் குழு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கிற சோதனை முயற்சியைத் தொடங்கியது. 1997-இல் மகளிர் திட்டம், 2012-இல் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் என்று படிப்படியாக வந்து, ஊராட்சிக் கூட்டமைப்பு, வட்டாரக் கூட்டமைப்பு வரைக்கும் வளர்ந்திருக்கிறோம். சேமிக்கக் கற்றுக்கொண்டோம், கடன் கட்டக் கற்றுக்கொண்டோம். எதற்குக் கடன் வாங்குகிறோம் என்று நின்று யோசிப்பதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

முதுகு வலி என்றால் கட்டாந்தரையில் படு என்று சொல்லுவாங்க. 2003-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துப் பார்த்தார்கள். ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களை விட, நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு 90 நாளில் வலி அதிகம் குறைந்தது. எனவே ரொம்பக் கல்லும் வேண்டாம், ஆளை முழுங்குகிற மெத்தையும் வேண்டாம். படுத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். ஒருக்களித்துப் படுத்தால் முதுகு வளையாமல் நேராக இருக்க வேண்டும்.

இலவம்பஞ்சா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். நல்ல இலவு நனையாமல் மிதக்கும். கழிவுப் பஞ்சு நனைந்து அமிழும். கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் திரும்ப உப்ப வேண்டும். உறைத் துணி நெருக்கமாக நெய்த பருத்தித் துணியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பஞ்சு கசியும். முடிந்தால் கண் முன்னால் அடைக்கச் சொல்லுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையில் காற்று புகும், வேர்வை தங்காது. அதைத்தான் குளிர்ச்சி என்கிறோம். வாரம் ஒரு முறை வெயிலில் போட்டால் பஞ்சு உப்பி எழும். தண்ணீரில் துவைக்கக் கூடாது. தடியால் அடிக்கவும் கூடாது, இழை ஒடிந்து தூசியாகும். சில வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து, கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்தால் போதும். தீ மட்டும் எளிதில் பிடிக்கும். கொசுவத்தி, விளக்கு, பீடி எல்லாம் தள்ளியே இருக்கட்டும். ஸ்பாஞ்சிலும் இந்தப் பயம் உண்டு. எரிந்தால் அதன் புகை விஷம்.

ஸ்பாஞ்சுதான் வாங்கியாகிவிட்டது என்றால் கவலை வேண்டாம். புதிதில் வாடை போகும் வரை ஜன்னலைத் திறந்து காற்றாட வையுங்கள். நேர் வெயிலில் போடாதீர்கள், பொடியாக உதிரும். இயற்கை லேடெக்ஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தால் அதில் எத்தனை பங்கு இயற்கை என்று கேளுங்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் எந்த மெத்தையானாலும் உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி உறையிலும் தலகாணியிலும்தான் இருக்கும்.

கைக்குழந்தைக்கு மெத்து மெத்தென்ற மெத்தையும் தலகாணியும் வேண்டாம். மூக்கு அமுங்கினால் மூச்சு முட்டும். கெட்டியான சம விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது. எழுந்து நடக்க முடியாத பெரியவர்களுக்கு எந்த மெத்தை போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தால்தான் படுக்கைப்புண் வராது.

கடைசியில் அந்தக் கடன்

எங்கள் உறுப்பினர் கட்டிலுக்கு மட்டும் ரூ.12,000, துணிக்கும் தையல் கூலிக்கும் ரூ.3,000 என்று ரூ.15,000 கடன் வாங்கினார். பஞ்சைத் தான் வேலை செய்கிற தோட்டத்திலேயே கூலியில் கழித்துக் கொண்டார். நாங்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து கூடமாட விதை பொறுக்கினோம். மெத்தை ஒன்று, தலகாணி நாலு தயாரானது. சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு வரத்தான் செய்தது. "கடை மெத்தை கிடைக்கலையா?" என்றார்களாம். மறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோடையில் மாப்பிள்ளையின் அம்மாவே மத்தியான நேரத்தில் அந்த மெத்தையில்தான் சாய்கிறார் என்று மகள் போனில் சொன்னதாக அவர் எங்களிடம் சொன்னார். பாதிக் கடன் இப்போதே கட்டியாகிவிட்டது.

"ஒனக்கு ஒரு மெத்தை தச்சியா?" என்று கேட்டேன். "எனக்கெதுக்குக்கா, பாய் இருக்கு" என்றார்.

சகோதரிகளே, அந்தப் பதிலைத்தான் நாம் மாற்ற வேண்டும். வருகிற பங்குனியில் காய் உடைக்கப் போகிறவர்கள், கூலி பேசும்போது முகக்கவசத்தோடு சேர்த்து ஆளுக்கு ஒரு தலகாணிப் பஞ்சும் கேளுங்கள். குழுவாகப் போய்க் கேளுங்கள். ஊரைத் தூங்கவைக்கிற கை முதலில் நல்லபடியாகத் தூங்கட்டும்.